நடக்காத, பேசாத எங்கள் பிள்ளைகளும் கேட்கட்டும்: இம்ப்ளாண்ட் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

காது கேட்காத குழந்தைகளுக்குக் கேட்க உதவும் காக்ளியர் இம்ப்ளாண்ட் கருவியைப் பொருத்துவதற்குக் குழந்தைகளைத் தேர்வு செய்யும் மருத்துவக் குழுவினருக்கு,

போன மாதம் மூன்று வயதுப் பாப்பா ஒருத்தியின் கோப்பை நீங்கள் திருப்பி அனுப்பினீர்கள். கடைசிப் பக்கத்தில் இரண்டே வரி: “பல்வகைக் குறைபாடு உள்ளது. எதிர்பார்க்கும் பலன் கிடைக்காது.” அவளுடைய அம்மா பனியன் கம்பெனி வேலை முடிந்து, கம்பெனி வண்டியை விட்டு இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் அந்தத் தாளை நேராக என்னிடம் கொண்டுவந்தார். “என்னங்கக்கா போட்டிருக்காங்க?” என்று கேட்டார். முழுதாகப் படிக்க வேண்டிய தேவையே எனக்கு இருக்கவில்லை. 2016இலும் 2018இலும் என் மகனுக்கு இதே குழு எழுதிக் கொடுத்த வரிகள் அவை. ஒரு சொல் மாறவில்லை.

என் மகனுக்கு எழுதியபோது நான் ஏன் என்று கேட்கவில்லை. டாக்டர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அப்படி ஏறியதில் அவனுக்கு ஏறக்குறைய மூன்று வருடம் போனது. பாப்பாவுக்கும் அது போகக் கூடாது என்பதால் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமத்தில் அங்கன்வாடிப் பணியாளர். கணவர் மஞ்சள் குடோனில் வேலை செய்கிறார். என் மகன் 2014 பிப்ரவரியில் பிறந்தான். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள். “இளவெயில்ல காட்டுனா செரியாப் போயிரும் கண்ணு” என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னார்கள். காட்டினோம். ஏழாம் நாள் பால் குடிக்கவில்லை, உடம்பு வில் மாதிரி பின்னால் வளைந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்தத்தில் மஞ்சள் நிறம் தரும் பிலிருபின் 34 என்றார்கள். நீல விளக்கில் வைத்து, ரத்தம் மாற்றி, உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் அதற்குள் அந்த மஞ்சள் மூளைக்குள் போய்விட்டது. உடம்பின் அசைவைக் கட்டுப்படுத்தும் இடத்தையும், காதிலிருந்து வரும் செய்தியைக் கொண்டுபோகும் பாதையையும்தான் அது முதலில் பாதிக்கும் என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. புத்தியை அந்த அளவுக்குத் தொடாமல் விட்டுவிடும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இந்தக் கடைசி விஷயத்தை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். என் மகனால் உட்கார முடியாது, கை சொன்னபடி கேட்காது, வாயும் கேட்காது. அவன் அறிவு முழுசாக உள்ளே இருக்கிறது.

டிஸ்சார்ஜ் ஆகும்போது காதில் ஒரு சின்ன முனையை வைத்துச் சோதனை செய்தார்கள். ‘பாஸ்’ என்று வந்தது. அந்த ஒரு சொல்லை நம்பி நாங்கள் ஒன்றே முக்கால் வருடம் ஓட்டினோம். கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் கழுத்து நிற்கவில்லை, அதனால்தான் என்றோம். சட்டி விழுந்தால் அதிரவில்லை என்றால் நல்ல தூக்கம் என்றோம். அந்தச் சோதனை காதுக்குள் இருக்கும் மயிர்ச்செல்கள் வேலை செய்கின்றனவா என்பதை மட்டும்தான் பார்க்கிறது. அதற்கு அப்பால் நரம்பு சத்தத்தைக் கொண்டுபோகிறதா என்பதை அது பார்ப்பதில்லை. தூக்க மருந்து கொடுத்து, தலையில் ஒயர் ஒட்டி எடுக்கும் பெரா சோதனையில்தான் அது தெரியும். மகனுக்குப் பெரா எடுத்தபோது எவ்வளவு சத்தம் கொடுத்தும் கோடு எழும்பவே இல்லை. மஞ்சள் காமாலை முற்றிய பிள்ளைகளுக்கு, குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த பிள்ளைகளுக்கு, பெராதான் எடுக்க வேண்டும் என்று உலகத்தில் பல இடங்களில் வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அவனுக்கு இருப்பது என்ன மாதிரிக் குறை என்று, கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் அம்மா ஒருவர் எனக்கு விளக்கியது இப்போதும் நினைவிருக்கிறது. எங்கள் ஊரில் வள்ளி கும்மி ஆடுவார்கள். நாற்பது பேர் ஒரே அடியில் கை தட்டினால்தான் அது கும்மி. ஆளுக்கொரு நேரம் தட்டினால் வெறும் இரைச்சல். “உங்க பையனோட நரம்பு ஆளுக்கொரு நேரம் தட்டுதுங்க” என்றார். காதுக்குப் பின்னால் மாட்டும் சாதாரண மெஷின் அந்த இரைச்சலைப் பெரிதாக்கித்தான் கொடுக்கும். ஆறு மாதம் மாட்டிப் பார்த்தோம். அதேதான் நடந்தது, அழுதான். இம்ப்ளாண்ட் அப்படியில்லை. காதுக்குள் நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கும் உறுப்புக்குள் நுழைக்கும் மெல்லிய கம்பியிலிருந்து மின்துடிப்பாகவே நரம்புக்குக் கொடுக்கிறது. எல்லோரையும் ஒரே அடியில் தட்ட வைக்கிறது. எல்லாப் பிள்ளைக்கும் அது ஒரே அளவில் பலிக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் முயற்சி செய்யாமல் விடக்கூடாது என்றார் அவர். அவருடைய கடிதத்தை எடுத்துக்கொண்டுதான் உங்களிடம் வந்தோம்.

முதல் தடவை, 2016இல், ஐந்து நிமிடம். மகனை மேசையில் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தீர்கள். கால் விறைத்துக்கொண்டது. “நடப்பானா?” என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். “முதல்ல அதைப் பாருங்கம்மா” என்றீர்கள்.

இரண்டாம் தடவை, 2018இல், சோதனை வைத்தீர்கள். மேசையில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, பக்கத்தில் சிவப்பு, மஞ்சள் மரக்கட்டைகள். சத்தம் கேட்டால் ஒரு கட்டையை எடுத்துத் தட்டில் போட வேண்டும். என் மகனுக்குக் கையைக் கட்டைக்குக் கொண்டுபோகவே அரை நிமிடம் ஆகும். கொண்டுபோனாலும் விரல் மடங்காது. அவன் கட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், உடம்பு முழுக்க முறுக்கிக்கொண்டு ஒரு முறை முயன்றான். கட்டை தரையில் விழுந்தது. “ஒத்துழைக்கவில்லை” என்று தாளில் எழுதினீர்கள். குனிந்து அந்தக் கட்டையை எடுத்து மேசையில் வைத்தது நான்தான். அன்றைக்கு வாய் திறந்து கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இன்றைக்குக் கேட்கிறேன்: கையே வராத பிள்ளையின் காதைச் சோதிக்கக் கையால் செய்யும் சோதனையை ஏன் வைத்தீர்கள்?

சரி, அப்புறம் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இன்னொரு ஊரில் இன்னொரு மருத்துவக் குழு அவனை ஏற்றுக்கொண்டது. அதே அரசுக் காப்பீடு, ஆறு வயதுக்குள் பொருத்த வேண்டும் என்ற அதே விதி. காதிலிருந்து மூளைக்குச் சத்தத்தைக் கொண்டுபோகும் கேள்வி நரம்பு இருக்கிறதா என்று எம்ஆர்ஐயில் பார்த்தார்கள். இருந்தது. மயக்க மருந்து டாக்டர் தனியாக உட்கார்ந்து எங்களிடம் ஒரு மணி நேரம் பேசினார். 2019 செப்டம்பரில், அவனுக்கு 5 வயது 7 மாதம் ஆனபோது, ஆபரேஷன் நடந்தது. ஆறு முடிய ஐந்து மாதம்தான் பாக்கி.

மெஷினை ஆன் செய்த நாளைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். செல்போன் வீடியோக்களில் வருகிற மாதிரி சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. எங்கள் பிள்ளையின் கையும் காலும் விழித்திருக்கும் நேரமெல்லாம் தானாக நெளிந்துகொண்டே இருக்கும். அது அவன் நோய். அன்றைக்கு ஆடியாலஜிஸ்ட் கணினியில் ஒரு பொத்தானை அழுத்தியதும் நெளிவு நின்றது. வலது கை பாதியில் காற்றிலேயே நின்றது. மூன்று விநாடி இருக்கும். அப்புறம் மறுபடி நெளிய ஆரம்பித்தது. அவர் மறுபடி அழுத்தினார். மறுபடி நின்றது. “கேட்குதுங்க” என்று நான் சொன்னேன். அவர் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையைக் காட்டினேன். கருவி கொடுக்கும் சத்தத்தின் அளவைப் பிள்ளைக்கு ஏற்றபடி சரிசெய்வதை மேப்பிங் என்பார்கள். அன்றிலிருந்து அவர் ஒவ்வொரு மேப்பிங்கிலும் அந்தக் கையைப் பார்த்தார். பிள்ளை பதில் சொல்லாவிட்டாலும் நரம்பு கொடுக்கிற பதிலைக் கருவி வழியாகவே அளந்து சத்தத்தின் அளவை வைக்க முடியும் என்பதையும் அவர்தான் காட்டினார். ஆகவே ‘மேப்பிங்குக்கு ஒத்துழைக்க மாட்டான்’ என்ற காரணமும் நிற்காது.

இப்போது அவனுக்கு 11 வயது. ஒரு வார்த்தை பேசுவதில்லை. அம்மா என்றுகூடச் சொன்னதில்லை. ஓராண்டுப் பயிற்சி முடிந்தபோது நிரப்பிய படிவத்தில் ‘பேசும் சொற்கள்’ என்ற இடத்தில் 0 என்று எழுதினார்கள். உங்கள் கணக்கில் என் மகன் தோல்வி. உங்கள் இரண்டு வரிதான் ஜெயித்த மாதிரி தெரியும். அதனால் அந்தப் படிவத்தில் இடமில்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு முறை எட்டு நாள் ராத்திரி அழுதான். எங்கே வலிக்கிறது என்று தெரியவில்லை. ரத்தம் எடுத்தார்கள், வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள், வலிப்பாக இருக்குமோ என்று மருந்தை மாற்றினார்கள். ஒன்பதாம் நாள் தானாக அடங்கினான். என்னவென்று இன்றுவரை தெரியாது. ஆபரேஷன் முடிந்து இரண்டு வருடம் கழித்து மறுபடி அதே மாதிரி ஒரு ராத்திரி. அதற்குள் அவனுக்கும் எனக்கும் ஒரு பழக்கம் வந்திருந்தது. ‘ஆமாம்’ என்றால் வலது பக்கம் பார்ப்பான். மெஷினை மாட்டி, மடியில் போட்டுக்கொண்டு, காதோரம் கேட்டேன். “தம்பி, வயிறு வலிக்குதா?” பார்க்கவில்லை. “காலு?” பார்க்கவில்லை. “தலை?” இல்லை. “பல்லு?” என்றேன். அழுகையோடு அழுகையாகக் கண்கள் வலது பக்கம் போய் அங்கேயே நின்றன. டார்ச் அடித்து வாயைத் திறந்து பார்த்தால் கீழே கடைவாய்ப் பல் கறுத்து ஓட்டை விழுந்திருந்தது. அடுத்த நாள் காலையில் பல் டாக்டரிடம் போனோம். ஒரே நாளில் முடிந்தது.

‘பல்லு’ என்ற சொல்லை அவன் சொல்லவில்லை. கேட்டான். எது பல் என்று தெரிந்து வைத்திருந்தான். உங்கள் படிவத்தில் இதை எங்கே எழுதுவது?

இன்னும் உண்டு. முன்பெல்லாம் பொழுதோட கரண்ட் போனால் அலறுவான். எங்கள் முகம் தெரியாது, அவனால் எழுந்து வரவும் முடியாது, இருட்டில் தனியாக விட்டுவிட்டார்கள் என்றுதான் அவனுக்குத் தோன்றியிருக்கும். இப்போது அடுப்படியிலிருந்து “இங்கதான் இருக்கறேன் சாமி” என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். அவன் அப்பாவின் மொபெட் சந்து முனையில் திரும்பும்போதே கண் வாசலுக்குப் போய்விடும். மாரியம்மன் நோம்பிக்குக் கம்பத்தைச் சுற்றி ஆடும்போது அடிக்கும் தப்பட்டையை முன்பு நெஞ்சில் கை வைத்துத்தான் உணர்ந்தான். இப்போது பக்கத்துத் தெருவில் அடித்தாலே சிரிக்கிறான்.

கஷ்டங்களையும் மறைக்கக் கூடாது. அவனால் தலையை நிமிர்த்த முடியாததால் சக்கர நாற்காலியின் தலைசாய்ப்பில் சாய்ந்துதான் இருப்பான். சாயும்போதெல்லாம் தலையில் காந்தத்தால் ஒட்டியிருக்கும், ‘காயில்’ (coil) என்று சொல்லும் வட்டத் துண்டு விழுந்துவிடும். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது தடவை எடுத்து ஒட்டியிருக்கிறேன். இதற்கு யாரிடமும் வழி இருக்கவில்லை. பாப்பாவின் அம்மாதான் கம்பெனியிலிருந்து பனியன் துணியின் வெட்டுத்துண்டு கொண்டுவந்து ஒரு தலைப்பட்டை தைத்துக் கொடுத்தார். மெல்லிசாக இருப்பதால் காயில் துணிக்கு அடியிலும் வேலை செய்கிறது. தலைசாய்ப்பின் ஸ்பாஞ்சில் அந்த இடத்தை மட்டும் என் கணவர் பிளேடால் வட்டமாக வெட்டி எடுத்தார். இப்போது நாளைக்கு நான்கைந்து தடவைதான் விழுகிறது. எச்சில் வழிந்து கேபிள் கெட்டுப்போகும். ஒவ்வொரு கேபிளும் ஆயிரக்கணக்கில். 2020இல் ஊரடங்கு போட்டபோது மேப்பிங்குக்குப் போக வழியில்லை. கேபிள் போய் இரண்டரை மாதம் மெஷின் டப்பாவிலேயே கிடந்தது. மறுபடி மாட்டியபோது அழுதான், முதலிலிருந்து ஆரம்பித்தோம். கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிப்போனால் இரைச்சல் தாங்காமல் முறுக்கிக்கொள்வான், அங்கே கழற்றிவிடுவோம்.

எங்களோடு பயிற்சிக்கு வந்த இன்னொரு பையனுக்கும் இம்ப்ளாண்ட் உண்டு, ஆட்டிசமும் உண்டு. அவன் மெஷின் இன்று அவர்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது. ‘ஆ’ சொல்லு, ‘ஈ’ சொல்லு என்று பயிற்சி முழுக்கப் பேச வைப்பதிலேயே போனது. அவன் தலையில் எதையும் தொடவே விடாத பிள்ளை. அதற்குப் பழக்கும் வேலையை யாரும் செய்யவில்லை. வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி ஒரு ஊரில், பிசியோதெரபி இன்னொரு ஊரில். அவன் அப்பாவின் வேலை போனதுதான் மிச்சம். பெட்டியை வாங்கிக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பையனுக்குத் தோற்றது இம்ப்ளாண்ட் அல்ல என்பதைத்தான் சொல்கிறேன்.

இப்போது பாப்பாவுக்கு வருகிறேன்.

அவளுக்குப் பிறந்த சில மாதத்தில் இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் செய்தும் கனத்த கண்ணாடி போட்டு அரை அடி தூரம்தான் தெரிகிறது. இதயத்தில் ஓட்டை இருந்தது, அதை அடைத்தாயிற்று. காது இரண்டும் கேட்காது. பிறவி ரூபெல்லாவாக, அதாவது அம்மா வயிற்றில் இருக்கும்போதே தொற்றும் ஒருவகை அம்மையாக, இருக்கும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவளுடைய அம்மாவுக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் காய்ச்சலும் மேலெல்லாம் தடிப்பும் வந்து மூன்று நாளில் போனதாம். 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசிக்கு ஊரெல்லாம் சுற்றியவள் நான். வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியை நம்பிக் கதவைச் சாத்தியவர்களிடம் கெஞ்சிப் போட வைத்தேன். ஆனால் அந்த ஊசி 9 மாதத்திலிருந்து 15 வயதுக்குள் இருந்தவர்களுக்கு. பாப்பாவின் அம்மாவுக்கு அப்போது 17 வயது. எங்கள் கையிலிருந்து நழுவிய பிள்ளைகளில் ஒருத்தி அவள். அவள் வயிற்றில் பிறந்தவளை இப்போது நீங்களும் நழுவ விடுகிறீர்கள்.

கோப்பில் நீங்கள் எழுதியிருப்பதைத் திருப்பிப் பாருங்கள். கண் சரியாகத் தெரியவில்லை என்பதையே மறுக்கக் காரணமாக வைத்திருக்கிறீர்கள். கண் நன்றாகத் தெரியும் காது கேளாத பிள்ளை சைகை மொழி படிக்கும், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும், படம் பார்த்துக் கற்கும். பாப்பாவுக்கு அந்த வாசல் முக்கால்வாசி மூடிக்கிடக்கிறது. காது யாருக்கு எல்லாரையும்விட அவசியமோ அவளுக்குத்தான் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். நடக்கத் தாமதம் என்பதையும் சேர்த்திருக்கிறீர்கள். கண்ணும் தெரியாமல் காதும் கேட்காமல் எதை நோக்கி அந்தக் குழந்தை நடக்கும்? அங்கன்வாடியில் நான் தரையில் கையால் தட்டினால் அந்த அதிர்வைத் தேடித் தவழ்ந்து வந்து என் கையின் மேல் தன் கையை வைக்கிறாள். கற்க முடியாத பிள்ளை செய்கிற வேலையா அது?

காது கேளாத குழந்தைகளில் பத்தில் மூன்று நான்கு பேருக்கு இன்னொரு குறைபாடும் சேர்ந்தே இருக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குறைப்பிரசவம், முற்றிய காமாலை, ரூபெல்லா, மூளைக்காய்ச்சல் எதுவும் காதை மட்டும் தொட்டுவிட்டுப் போவதில்லை. எங்கள் பக்கம் மாமன், அத்தை முறையில் சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும் வீடுகள் இன்னும் நிறைய. அங்கே பிறவியிலேயே காது கேட்காமல், வளர வளரக் கண்ணும் மங்கும் பிள்ளைகளும் பிறக்கிறார்கள். இவர்கள் ஒன்றிரண்டு பேர் இல்லை. காது மட்டும் கேட்காத, மற்றதெல்லாம் சரியாக இருக்கும் பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்த அளவுகோலால் இவர்களை அளந்தால் எல்லோரும் குட்டையாகத்தான் தெரிவார்கள்.

உங்கள் சிரமமும் எனக்குத் தெரியும். ஒரு கருவி பல லட்சம். இதயமும் நுரையீரலும் பலவீனமாக இருக்கும் பிள்ளைக்கு மயக்கம் கொடுப்பது ஆபத்து. கேள்வி நரம்பே இல்லாத பிள்ளைக்குப் பொருத்திப் பயனில்லை. வலிப்புக்கு அடிக்கடி எம்ஆர்ஐ எடுக்க வேண்டிய பிள்ளைக்கு உள்ளே இருக்கும் காந்தத்தையும் யோசிக்க வேண்டும். இவையெல்லாம் காரணங்கள். எழுதிக் கொடுத்தால் அழுதுவிட்டு ஏற்றுக்கொள்வோம். ‘பல்வகைக் குறைபாடு’ என்பது காரணம் இல்லை. அது பிள்ளையின் வர்ணனை.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பல்வகைக் குறைபாடும், காதும் கண்ணும் சேர்ந்து பாதித்த நிலையும் அதில் உண்டு. குறைபாட்டைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்று அதன் மூன்றாம் பிரிவு சொல்கிறது. இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கை, குறைபாட்டைச் சொல்லி மருத்துவத்தை மறுப்பதைத் தடுக்க வேண்டும் என்கிறது. ஒரு குறைபாடு இருந்தால் கருவி, இரண்டு இருந்தால் கிடையாது என்று எந்த இடத்திலும் எழுதியிருக்கவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை.

மறுத்தால் எதனால் என்று எழுதிக் கொடுங்கள். எந்த ஸ்கேன், எந்த ஆபத்து, எது மாறினால் திரும்ப வரலாம் என்று தமிழில், அம்மா அப்பா படிக்கிற மாதிரி இருக்கட்டும். அதற்கு மேல்முறையீடு செய்ய ஒரு வழியும் வேண்டும்.

குழுவில் காது டாக்டரும் ஆடியாலஜிஸ்டும் மட்டும் உட்காராமல், குழந்தைகள் நரம்பியல் டாக்டர், பிசியோதெரபிஸ்ட், சிறப்பாசிரியர் ஆகியோரையும் சேருங்கள். பல்வகைக் குறைபாடுள்ள பிள்ளைக்கு இம்ப்ளாண்ட் வைத்து வளர்க்கும் ஒரு பெற்றோரும் அங்கே இருக்க வேண்டும். கையைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் அந்த அறையில் இருந்திருந்தால் 2018இலேயே என் மகனுக்குக் கிடைத்திருக்கும்.

பிள்ளையின் உடம்புக்கு ஏற்ற சோதனையை வையுங்கள். கட்டை எடுக்க முடியாதவனிடம் கட்டையைக் கொடுக்காதீர்கள். ஒரே நாளில், பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் குலுங்கி வந்த களைப்பில், பசியில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வீட்டில் எடுத்த வீடியோவையும் சாட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பலன் என்ன என்பதைப் பேச்சை மட்டும் வைத்து அளப்பதை நிறுத்துங்கள். ஆபரேஷனுக்கு முன்னாலேயே அந்தந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து, இந்தப் பிள்ளைக்குக் கேட்பது எதற்கு உதவ வேண்டும் என்று எழுதுங்கள். அம்மா குரலுக்குத் திரும்புவது, இருட்டில் பயப்படாமல் இருப்பது, வலிக்கும் இடத்தைச் சொல்வது, வண்டி வருவதை உணர்வது எல்லாம் பலன்தான். அவற்றை இரண்டு மூன்று வருடம் கழித்துப் பாருங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஓராண்டு போதாது.

பேச்சுப் பயிற்சியும் பிசியோதெரபியும் ஒரே நாளில், ஒரே இடத்தில், மாவட்டத்துக்குள்ளேயே கிடைக்க ஏற்பாடு செய்யச் சொல்லி அரசுக்கு எழுதுங்கள். உங்கள் கையெழுத்துக்கு இருக்கிற எடை எங்கள் மனுவுக்கு இல்லை. கேபிள், காயில், பேட்டரிக்கும் வழி வேண்டும். சைகை, படம், தொடுதல் எதையும் தடுக்காதீர்கள். பயிற்சி அறையில் என் மகன் கண்ணால் பதில் சொன்னபோது, “அதைப் பழக்காதீங்க, பேச்சு வராது” என்று திட்டு வாங்கியிருக்கிறேன். அந்தக் கண் இல்லாவிட்டால் அந்தப் பல் எனக்குத் தெரிந்தே இருக்காது.

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீட்டுக்குப் போகும் குழந்தை ஒவ்வொன்றுக்கும், ரத்தம் மாற்றும் அளவுக்குக் காமாலை வந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும், பெரா எடுக்காமல் அனுப்பக் கூடாது என்று நீங்கள் வேலை செய்யும் இடத்திலாவது விதி கொண்டுவாருங்கள். எங்கள் அங்கன்வாடிக்குப் பிள்ளைகளைப் பரிசோதிக்க ஆண்டுக்கு இரண்டு முறை வண்டி வருகிறது. சந்தேகம் உள்ள பிள்ளையை அன்றே எழுதி அனுப்ப நான் தயார். அனுப்பினால் பார்க்க ஆள் வேண்டும்.

குழுவின் தாமதத்தால் ஆறு வயது தாண்டிவிட்டால், முதல் விண்ணப்பம் கொடுத்த நாளில் இருந்த வயதையே கணக்கில் எடுக்க வேண்டும் என்று பரிந்துரை செய்யுங்கள்.

கடைசியாக, பாப்பாவின் கோப்பை மறுபடி எடுங்கள். அவளுக்கு இப்போது 3 வயது 2 மாதம். முதல் மூன்று, மூன்றரை வருடத்துக்குள் சத்தம் போய்ச் சேர்ந்தால்தான் மூளையின் கேட்கும் பகுதி நன்றாக வளரும் என்று நீங்களே பயிற்சி வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். அந்தக் கணக்குப்படி அவளுக்கு நான்கு மாதம்தான் இருக்கிறது. இதய டாக்டரிடம் மயக்க மருந்துக்குத் தகுதி என்று சான்று வாங்கி வைத்திருக்கிறோம். எம்ஆர்ஐயில் இரண்டு பக்கமும் கேள்வி நரம்பு இருக்கிறது. வரும் புதன்கிழமை அவளுடைய அம்மா கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு வருகிறார். என் மகனோடு நானும் வருகிறேன். உங்கள் மேசைக்குப் பக்கத்தில் அவன் நாற்காலிக்கு இடம் விடுங்கள். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, அவன் வலது கையைப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு அங்கன்வாடிப் பணியாளர், ஒரு பையனின் அம்மா
கோபி வட்டம், ஈரோடு மாவட்டம்